கூண்டு ஏற்றிய நாட்களில் தரங்கம்பாடி

ஐப்பசியில் பிறந்தவர்களுக்கு எழுபது வயதாகும்போது ஒரு சங்கடம் வரும். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம் என்று திருக்கடையூரில் எதைச் செய்வதானாலும் பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளாகப் பார்த்துத்தான் குறிப்பார்கள். பஞ்சாங்கம் பார்ப்பார்களே தவிர வானிலை அறிக்கை பார்க்க மாட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு ஐப்பசி கடைசி. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்ததே, அதே மாவட்டம், கிட்டத்தட்ட அதே தேதி. நாள் குறித்துக் கொடுத்த குருக்கள் போனில், "பேஷா பண்ணிடலாம். எல்லாரும் குடை எடுத்துண்டு வாங்கோ" என்றார்.

தரங்கம்பாடி அண்ணனின் யோசனை. திருக்கடையூரில் அறைகளெல்லாம் அறுபது, எண்பது கொண்டாட வருகிறவர்களால் எப்போதும் நிரம்பி வழியும். பத்து கிலோமீட்டருக்குள் கடல் இருக்கிறது, கடலைப் பார்த்த பழைய பங்களா ஒன்றை விடுதியாக நடத்துகிறார்கள், மே மாதத்தில் கேட்டால் மயக்கம் வருகிற வாடகை இப்போது பாதிதான் என்று ஃபேமிலி குரூப்பில் போட்டான். கூடவே நீலக் கடலின் படம் ஒன்று. அது ஐப்பசியில் எடுத்த படமில்லை என்று பார்த்தவுடனே தெரிந்தது. அண்ணி மட்டும், "ஆஃப் சீசன்ல போனா சாப்பாடு கிடைக்குமா?" என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் போடவில்லை.

சோழன் எக்ஸ்பிரஸில் மயிலாடுதுறை வரைக்கும், அங்கிருந்து வேன். வழியெல்லாம் வயலும் தண்ணீரும் வரப்பு தெரியாமல் ஒன்றாகிக் கிடந்தன. சாந்தியைப் பற்றி நீட்டப்போவதில்லை. போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்கள் எப்படியும் ஒருநாள் யாருக்காவது போவீர்கள். ஒரே நேரத்தில் நாலைந்து ஜோடிகள், ஓமப்புகை, கலச நீர் தலையில் கொட்டியதும் நடுங்கும் பெரியவர்கள். வெளியே மழை, உள்ளேயும் குளிர்ந்த தண்ணீர். அப்பா தாலி கட்டும்போது பேரப்பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அம்மா அவர்களை முறைத்தார், ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவுதான். மதியச் சாப்பாடு முடிந்ததும் வேன் கடற்கரைப் பக்கம் திரும்பியது.

தரங்கம்பாடிக்குள் நுழைய ஒரு நகரவாயில் உண்டு. 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டியது, வெள்ளையடித்த வளைவு. அதைத் தாண்டி ராஜா வீதியில் நேராகப் போனால் தேவாலயங்கள், பழைய வீடுகள், கடைசியில் கோட்டை, அதற்கப்பால் கடல். சீசனில் இந்த வீதியில் வேனை நிறுத்த இடம் தேட வேண்டும் என்றார் டிரைவர். நாங்கள் போனபோது வீதி நடுவே ஒரு மாடு நனைந்துகொண்டு நின்றது. ஹாரன் அடித்தும் அது நகரவில்லை. டிரைவரும் இறங்கிப்போய் விரட்டவில்லை, சுற்றிக்கொண்டு போனார்.

விடுதியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. வரவேற்பில் இருந்த தம்பி, சமையல்காரர், தோட்டத்தில் ஒரு அம்மா, அவ்வளவு பேர்தான். மெனு அட்டையை என் மகள் ஆர்வமாக விரித்தாள். பத்துப் பன்னிரண்டு வகை மீன், இறால், நண்டு. சமையல்காரர் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, அதுல எதுவும் இல்லம்மா. என்ன வேணும்னு சொல்லுங்க, பொறையார்ல என்ன கிடைக்குதோ வாங்கியாந்து செஞ்சு தர்றேன்."

கடலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மீன் இல்லையா என்று என் வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. காரணம் எளிது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகி, நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். மீன்வளத் துறை கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. படகு போகாவிட்டால் மீன் எங்கிருந்து வரும்? அன்று ராத்திரி சமையல்காரர் வாங்கி வந்தது கட்லா. குளத்து மீன். அலை சுவரில் வந்து மோதுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாங்கள் பண்ணைக் குட்டையில் வளர்ந்த மீனைச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் முள்ளை எடுக்கும்போதெல்லாம் கடலைப் பார்த்தார்.

மறுநாள் அம்மா நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். சீசனில் இது நடக்காது. அறையிலிருந்து போன் பண்ணி ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது சமையல்காரருக்கும் பேச ஆள் இல்லை, அம்மாவுக்கும் வீட்டு வேலை இல்லை. இரண்டு பேரும் கருவாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வாளைக் கருவாட்டை வெந்நீரில் ஊற வைக்க வேண்டுமா, பச்சைத் தண்ணீரே போதுமா என்று பெரிய விவாதம். மழைக்காலத்துக்கென்று சித்திரை வெயிலிலேயே காயவைத்து எடுத்து வைப்போம் என்றாராம் அவர். கத்தரிக்காயும் மாங்காய் வற்றலும் போட்ட கருவாட்டுக் குழம்பு மதியம் வந்தது. ஊரே இந்த மாதங்களில் சாப்பிடுவது அதைத்தான். நான் அந்த விடுதியின் மெனுவில் தேடிப் பார்த்தேன், கருவாடு என்ற பேச்சே இல்லை.

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். என் மகனுக்கு அது தீராத சந்தேகம். "கூண்டு ஏத்துறாங்கன்னா, உள்ள என்ன இருக்கும்?" அப்பா பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேள்வி கேட்டால் பாதியில் விட மாட்டார். உள்ளே ஒன்றும் இருக்காது, தூரத்துக் கப்பலில் இருப்பவன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொடிமரத்தில் ஏற்றும் அடையாளம், ராத்திரியில் அதற்குப் பதில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு என்று ஆரம்பித்தார். மொத்தம் 11 எண்கள். ஒன்று என்றால் எங்கோ தூரக் கடலில் தாழ்வு மண்டலம், இந்தத் துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. இரண்டு என்றால் அது தூரத்திலேயே புயலாகிவிட்டது. மூன்றுக்கு வந்தால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடும். ஐந்திலிருந்து அபாயம், எட்டிலிருந்து பெரும் அபாயம். "பதினொண்ணு ஏத்தினா?" "வானிலை மையத்தோட தொடர்பே அறுந்துபோச்சுன்னு அர்த்தம்." மகன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதுதான் தாத்தா ரொம்ப பயம்" என்றான்.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. விட்ட நேரத்தில் கரைக்கு இறங்கினோம். படத்தில் பார்த்த நீலம் எங்கும் இல்லை. ஆறுகள் கொண்டுவந்த வண்டலில் கடல் காவி நிறம். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக ஒதுங்கிக் கிடந்தது. மேட்டூரிலிருந்து கீழே இறங்குகிற எந்த வாய்க்காலில் இருந்து வந்ததோ. தென்னை மட்டை, மூங்கில் துண்டு, ஒரு ஒற்றைச் செருப்பு. கரை சரிவாக இல்லை, கத்தியால் வெட்டியதுபோல இடுப்பளவு உயரத்துக்கு மணல் செங்குத்தாக நின்றது. பசங்களைத் தண்ணீரில் கால் வைக்கக்கூட விடவில்லை. இந்த மாதங்களில் இந்தக் கரையில் குளிக்க இறங்குவது பைத்தியக்காரத்தனம். நன்றாக நீந்தத் தெரியும் என்று சொல்கிறவர்களுக்குத்தான் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்த வெட்டைப் பார்த்ததும் அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. குடைக் கம்பியால் ஈர மணலில் கோடு போட்டார். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் அலை சாய்வாக வந்து மணலை வடக்கே தள்ளும். வாடைக்காற்று மாதங்களில் தெற்கே இழுக்கும். போவதும் வருவதும் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். நடுவில் கல்லைக் கொட்டித் துறைமுகம் கட்டினால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. அந்தப் பக்கம் ராயபுரம் தேய்ந்தது. "நீங்க சுண்டல் சாப்பிடற மணல் ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டியது" என்றார் அப்பா. சென்னையில் பிறந்து வளர்ந்த என் பிள்ளைகளுக்கு இது புதுச் செய்தி.

கடல் தின்றதற்குச் சாட்சி கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது எடுத்துக் கட்டி, முன்னால் பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சீசனில் எடுத்த படங்களில் அது அலையோரம் நிற்கும் அழகான கோயில். வாடைக்காற்றில் அந்தப் பாறைகள் மேல் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதுதான், எழுநூறு வருடமாக அங்கே என்ன நடக்கிறது என்பது புரிகிறது. அம்மா வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு, "இந்த ஈஸ்வரனுக்கு எண்ணெய்க் காப்பு வேண்டாம், உப்புக் காப்புதான்" என்றார்.

டான்ஸ்போர்க் கோட்டையில் டிக்கெட் கொடுப்பவர் எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் திடுக்கிட்டார். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி ஓவ் கெட்டே என்ற டேனிஷ் கடற்படைத் தளபதி 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை. கீழே வளைவுக் கூரை போட்ட அறைகள், மேலே அதிகாரிகள் இருந்த பகுதி. மழைக்கு நாங்கள் கீழறை ஒன்றில் ஒதுங்கினோம். சீசன் கூட்டத்தில் இந்த அறைகளை ஆளுக்கு அரை நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். மழை எங்களை உட்கார வைத்ததால் அப்பாவின் கதை நீண்டது. 1706இல் இங்கே வந்து இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு, டேனிஷ் கம்பெனியின் தளபதியோடு மோதிக்கொண்டு இதே கோட்டையில் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தது. பிறகு அச்சகம் வரவழைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சடித்து முடித்தது. 1719இல் முப்பத்தாறு வயதில் செத்துப்போய், தானே கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் அடக்கமானது. என் மகள், "முப்பத்தாறுதானா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் வயதை ஒப்பிடுகிறாள் என்று தெரிந்தது, நான் கண்டுகொள்ளவில்லை.

1845இல் டேனிஷ்காரர்கள் இந்த ஊரையும் வங்காளத்தில் தங்களிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அண்ணன் உடனே, "இன்னிக்கு அந்தக் காசுக்கு ஈசிஆர்ல கால் கிரவுண்டுகூட வராது" என்றான். அவன் எந்த ஊருக்குப் போனாலும் நிலத்தின் விலையில்தான் வந்து முடிப்பான்.

ஓசோன் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகத்திலேயே ஓசோன் நிறைந்த கடற்கரைகளில் தரங்கம்பாடியும் ஒன்று, மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். நல்ல மனசோடு சொல்கிறார்கள், சரி. ஆனால் ஓசோன் நமக்கு நல்லது செய்வது வானத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போதுதான். தரையில், மூக்குக்கு எதிரே இருந்தால் அது நுரையீரலைக் கெடுக்கும் மாசு. கடற்காற்றில் ஓசோன் இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியிருந்த நம்பிக்கை. நமக்குக் கடல் வாடை என்று தெரிவதில் பெரும்பங்கு, கடலின் நுண்ணுயிர்களால் உண்டாகும் டைமெத்தில் சல்ஃபைடு என்ற வாயுவினுடையது. காற்று அங்கே நன்றாக இருக்கிறது, தூசி இல்லை, புகை இல்லை. அது போதாதா? ஓசோன் எதற்கு?

இந்தப் பயணத்தில் எனக்கு மனதில் நிற்பது கோட்டையோ கோயிலோ இல்லை, வலை பின்னும் கூடம். ஓடு போட்ட, சுவரில்லாத கூடம். படகுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுத்து நிறுத்தி, இன்ஜினைக் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். கூடத்துக்குள் ஏழெட்டுப் பேர். ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து, வலையைக் கட்டை விரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். பிளேடால் அறுந்த கண்ணிகளைச் சுற்றிச் சுத்தமாக வெட்டி எடுக்கிறார். அப்புறம் நூல் சுற்றிய ஊசி உள்ளே போகிறது, விரலை அளவாக வைத்து ஒரு முடிச்சு, இழுப்பு, அடுத்த கண்ணி. கண் வலையில் இல்லை, எங்கள்மேல்தான் இருந்தது. விரல்கள் தானாக ஓடின. என் மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாக் கண்ணியும் ஒரே சைஸா எப்படி தாத்தா வருது?"

"விரல் ஒரே சைஸுதான தம்பி."

எவ்வளவு நாளாகக் கடலுக்குப் போகவில்லை என்று கேட்டேன். தீபாவளிக்கு முன்னால் போனதாம். இடையில் ஒருநாள் போய் டீசல் காசுகூட வராமல் திரும்பினார்களாம். சித்திரையிலிருந்து ஆனி ஆரம்பம் வரைக்கும் பெரிய படகுகளுக்கு அரசு விதித்த 61 நாள் தடை. ஐப்பசி, கார்த்திகையில் கடலே தடை போட்டுவிடும். இந்த மாதங்களுக்கென்று அரசு நிவாரணமும் உண்டு, அவர்கள் சேமிப்பாகக் கட்டிய பணத்தோடு சேர்த்துத் தருவதும் உண்டு. "வருதும்மா. வர்றதுக்குள்ள கடன் வந்துடுது" என்றார். புகார் சொல்கிற குரல் இல்லை, மழை எப்போது விடும் என்று பேசுகிற அதே குரல்.

கூடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அந்த அக்கா சீசனில் பஜ்ஜி, மீன் வறுவல் போட்டு விற்பவர். இப்போது டீ மட்டும்தான். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். சனி, ஞாயிறில் நூறு பேர் வந்தால்தான் எண்ணெய் வாங்கிக் கட்டுபடியாகும் என்றார். குழுக் கடன் மட்டும் வாராவாரம் கட்டியாக வேண்டும். அவர் வீடு கரையிலிருந்து தள்ளி, சுனாமி குடியிருப்பில். 2004 டிசம்பர் 26இல் இந்த ஊர் இழந்தவர்கள் நூற்றுக்கணக்கில். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகளுக்கு மட்டும், "தண்ணி உள்வாங்குச்சுன்னா நிக்காத, ஓடிடு" என்று டீ டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னார்.

வாடகை பாதி என்று நாங்கள் வந்தோம். எங்களுக்கு அறை பாதி விலைக்குக் கிடைத்ததற்கும் அந்த அக்கா சட்டியைக் கவிழ்த்ததற்கும் காரணம் ஒன்றேதான். அந்த வெறிச்சோடிய வீதியை "எவ்வளவு அமைதி!" என்று படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைத்திருந்த நான், டீ குடித்து முடித்த பிறகு அதை அழிக்கவில்லை, ஆனால் அதற்குக் கீழே வந்த இதயங்களுக்குப் பதில் போடப் பிடிக்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன். அவன், "அப்ப இன்னொரு டீ குடி" என்றான். கிண்டலாகச் சொன்னாலும் சரியான யோசனைதான். அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் அங்கே தேவைக்கு அதிகமாக டீ குடித்தோம். அண்ணி பேச்சுக் கொடுத்து அந்த அக்காவிடமே நெத்திலிக் கருவாடு வாங்கினார், கிலோ கணக்கில். சீசன் இல்லாத ஊருக்குப் போகிறவர்கள் பேரம் பேசாமல் இருக்கலாம் என்பது என் கட்சி. அம்மா இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: வெயிலும் தெளிந்த கடலும் வேண்டுமானால் தையில் போங்கள். மழையிலும் போகலாம், வயதானவர்களுக்குச் சறுக்காத செருப்பு, எல்லோருக்கும் கொசுவத்தி, டார்ச் லைட், சீட்டுக்கட்டு இருந்தால் போதும். கரண்ட் போகும். எங்களுக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போனது, அப்பாவும் அம்மாவும் கூட்டு சேர்ந்து ரம்மியில் எல்லோரையும் ஏமாற்றினார்கள். சிவப்பு எச்சரிக்கை விட்டால் மட்டும் போகாதீர்கள். அப்போது அந்த ஊரில் இருப்பவர்களுக்கு உங்களைக் காப்பாற்றுவது கூடுதல் வேலை.

தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்து வலுவிழந்தது. கூண்டு இறங்கிய மறுநாள்தான் நாங்கள் ஊர் திரும்ப வேண்டும். விடிவதற்கு முன்பே போன படகுகள் வெளிச்சம் வந்ததும் திரும்ப ஆரம்பித்தன. புயல் கலைந்தால் மீன் நன்றாகப் படும் என்று பெரியவர் சொன்னது சும்மா இல்லை. சங்கரா, கானாங்கெளுத்தி, கூடை கூடையாக இறால். முதல் நாள் வரைக்கும் ஆளே இல்லாத கரையில் ஐஸ் வண்டியும் ஏலம் விடுகிற சத்தமும் கூடைக்காரப் பெண்களும் எங்கிருந்து முளைத்தார்கள் என்றே தெரியவில்லை. டீக்கடையில் சட்டி நிமிர்ந்திருந்தது. அக்கா எங்களைப் பார்த்தும் பேச நேரமில்லாமல் கையை மட்டும் ஆட்டினார். அம்மா புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏலக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். பீமரத சாந்தியில் கட்டிய புதுத் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் மாறவில்லை, அதற்குள் "இந்தக் கண்ணைப் பாருங்க, இது நேத்து மீனு" என்று ஒருவரோடு சண்டை போட்டார்.

"இன்னிக்குத்தாம்மா கடலே திறந்திருக்கு, நேத்து மீனுக்கு நான் எங்க போவேன்?"

சமையல்காரர் தெர்மாகோல் பெட்டி கொண்டுவந்து, ஐஸும் மீனும் அடுக்கி, டேப் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ரயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளினோம். விழுப்புரம் வரைக்கும் பெட்டி ஒழுங்காக இருந்தது. அப்புறம் ஓரத்தில் கசிய ஆரம்பித்தது. என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எங்களைத் தெரியாதவள்போல உட்கார்ந்தாள். எதிர் சீட்டு அம்மா பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். செங்கல்பட்டு வந்ததும் பொறுக்க முடியாமல் குனிந்து அம்மாவிடம் கேட்டார்:

"சங்கராவா, கொடுவாவா? கிலோ என்ன விலைக்குக் கொடுத்தான்?"